ஒளி எங்கே தொலைகிறது? ஓஎல்இடி ஆய்வுக்குப் புதிதாக வரும் வேதியியலருக்கு ஒரு வழிகாட்டி

ஓஎல்இடி (கரிமப் பொருளால் ஒளிரும் டையோடு) ஆய்வுக்கு வரும் வேதியியல் மாணவர்கள் பலர் முதல் வாரமே தாளில் ஒரு புதிய மூலக்கூறை வரைந்துவிடுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் தாளில் எவ்வளவு அழகான மூலக்கூறு இருந்தாலும், குடுவையிலிருந்து வந்த பொருள் எவ்வளவு தூய்மையாக இருக்கிறது, எந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அது உட்காருகிறது என்பதைப் பொறுத்தே டையோடு ஒளிரும். போட்ட மின்சாரத்தில் எவ்வளவு எந்த இடத்தில் வீணாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு அந்த இடத்துக்கு ஏற்ற வேதியியலைத் தேடுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன.

படி 1: நான்கு பின்னங்களைக் கணக்கிடுங்கள்

உள்ளே போகும் மின்னோட்டம் ஒளியாக வெளியே வர நான்கு விஷயங்கள் நடக்க வேண்டும். ஒரு பக்கமிருந்து வரும் எலெக்ட்ரானும் மறுபக்கமிருந்து வரும் துளையும் (எலெக்ட்ரான் இல்லாத நேர்மின் இடம்) சந்திக்க வேண்டும். சந்தித்து உருவாகும் எக்சிட்டான் (எலெக்ட்ரான்-துளை ஜோடி) ஒளி தரக்கூடிய சுழல் (ஸ்பின்) நிலையில் இருக்க வேண்டும். அது வெப்பமாக வீணாகாமல் ஒளியாக மாற வேண்டும். கடைசியாக, அந்த ஒளி படலத்திலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் தப்பி வெளியே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னம் உண்டு. நான்கையும் பெருக்கினால் வெளிக் குவாண்டம் திறன் கிடைக்கும்.

சாதாரண ஒளிர் பாலிமருக்கு இதன் உச்ச வரம்பைப் பார்ப்போம். சந்திப்பு முழுமை என்றால் 1. மின்னூட்டங்கள் தற்செயலாகச் சேரும்போது நான்கில் ஒன்றுதான் ஒளி தரும் சிங்லெட், மற்ற மூன்றும் ஒளி தராத டிரிப்லெட்; எனவே 0.25. எக்சிட்டான் முழுவதும் ஒளியானால் 1. கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7 என்பதால் பெரும்பகுதி ஒளி உள்ளேயே சிறைப்படுகிறது. வெளியே வருவது ஏறக்குறைய 0.2. பெருக்கினால் 5 சதவீதம். எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கின் பயனைப் பாருங்கள். உங்கள் படலத்தின் ஒளிர்வுத் திறனை ஒருங்கிணைப்புக் கோளத்தில் வைத்து அளக்கிறீர்கள். 60 சதவீதம் வருகிறது. டையோடின் வெளிக் குவாண்டம் திறனோ 0.3 சதவீதம். 0.25, 0.6, 0.2 மூன்றையும் பெருக்கினால் 3 சதவீதம் வந்திருக்க வேண்டும். பத்து மடங்கு தொலைந்திருக்கிறது. ஒளிர்வுத் திறன் நன்றாக இருப்பதால் மூலக்கூறின் ஒளிரும் பகுதியைத் திருத்திப் பயனில்லை. பெரும்பாலும் எலெக்ட்ரானும் துளையும் சமமாக வந்து சேரவில்லை. மாறாக, படலத்தின் ஒளிர்வே 5 சதவீதம்தான் என்றால் மின்முனையை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. கரைசலில் பிரகாசமாக ஒளிர்வது படலமானதும் மங்கிவிடுவது மிகச் சாதாரணம் என்பதால், எப்போதும் படலத்தில் அளந்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.

படி 2: தெரிந்த பொருளில் ஒரு டையோடு செய்து வையுங்கள்

உங்கள் பொருளைத் தொடுவதற்கு முன், நன்கு ஆராயப்பட்ட ஒரு பாலிமரில் டையோடு செய்து பாருங்கள். கண்ணாடி மேல் ஐடிஓ (ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு மின்முனை). அதன்மேல் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின் கடத்தும் பாலிமர் 30 முதல் 40 நானோமீட்டர். அதன்மேல் ஒளிரும் பாலிமர் 70, 80 நானோமீட்டர். பிறகு மெல்லிய கால்சியம் அல்லது பேரியம். அதை மூட 100 நானோமீட்டர் அலுமினியம். பாலிமரை டொலுயீனிலோ குளோரோபென்சீனிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் கரைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சுழல் பூச்சு முறையில் படலமாக்கலாம். பெடாட் தவிர மற்ற எல்லா வேலையும் ஈரமும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்-க்குக் கீழே இருக்கும் கையுறைப் பெட்டிக்குள் நடக்கட்டும்.

பெடாட்-பிஎஸ்எஸ் கடுமையான அமிலம், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பூசியதும் 120 முதல் 150 பாகை செல்சியஸில் நன்றாக உலர்த்துங்கள். இதில் அவசரம் காட்டினால் ஐடிஓ அரிக்கப்பட்டு, இண்டியம் மெதுவாக மேலேறி ஒளிரும் அடுக்கைக் கெடுக்கும்.

இந்த ஒப்பீட்டு டையோடு, ஒரே நேரத்தில் செய்யும் ஒவ்வொரு டையோடு தொகுதியிலும் உங்கள் புதிய பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது எப்போதும் தரும் எண்ணைத் தந்தால்தான் அன்றைய அளவீடுகளை நம்பலாம்.

படி 3: ஆற்றல் மட்டங்களைப் பொருத்துங்கள்

இந்தத் துறையின் தொடக்க வரலாறே ஆற்றல் மட்டங்களைப் பொருத்துவதில் ஒரு பாடம். 1987-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் துளை கடத்தும் டைஅமீனை ஒரு அடுக்காகவும், அலுமினியம் குயினோலினோலேட்டை இன்னொரு அடுக்காகவும் வைத்தார்கள். 10 வோல்ட்டுக்கும் கீழே சுமார் 1 சதவீதத் திறன் கிடைத்தது. இரண்டு பொருளும் தனித்தனி வேலை செய்ததும், சந்திப்பு இடைமுகத்தில் நடந்ததும்தான் அதற்குக் காரணம்.

1990-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்ட், டோனல் பிராட்லி, ஜெரமி பரோஸ், ஆண்ட்ரூ ஹோம்ஸ் ஆகியோர் இருந்த குழு பாலி ஃபினைலீன் வினைலீன் என்ற ஒற்றைப் பாலிமர் அடுக்கிலிருந்து ஒளியை எடுத்தது. அந்தப் பாலிமர் எதிலும் கரையாது. அதனால் கரையக்கூடிய முன்னோடிப் பாலிமரைப் பூசி, வெற்றிடத்தில் 250 பாகை வரை சூடாக்கி, படலத்திலேயே அதை மாற்றினார்கள். திறன் சுமார் 0.05 சதவீதம். அடுத்த ஆண்டே டேவிட் பிரவுனும் ஆலன் ஹீகரும் பக்கச் சங்கிலி சேர்த்துக் கரைய வைத்த மெஹ்-பிபிவியை எடுத்துக்கொண்டு, கால்சியத்தை எதிர்மின்முனையாக வைத்து 1 சதவீதத்தை எட்டினார்கள். கால்சியத்தின் வெளியேற்று ஆற்றல் (உலோகத்திலிருந்து எலெக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 2.9 எலெக்ட்ரான் வோல்ட்தான். எலெக்ட்ரான் எளிதாக உள்ளே நுழைந்துவிடும்.

கால்சியம் காற்றில் நிற்காது. வேதியியலருக்கு இங்கே இன்னொரு வழி இருந்தது. 1993-இல் கேம்பிரிட்ஜ் குழு பாலிமரின் வினைலீன் பகுதியில் சயனோ தொகுதியைச் சேர்த்தது. அந்தத் தொகுதி எலெக்ட்ரானை இழுக்கும் என்பதால் லூமோ மட்டம் (எலெக்ட்ரான் ஏறி அமரும் வெற்று மட்டம்) கீழே இறங்கியது. காற்றில் நிற்கும் அலுமினியத்திலிருந்தே எலெக்ட்ரான் ஏற முடிந்தது. உலோகத்தை மாற்றுவதற்குப் பதில் பாலிமரை உலோகத்துக்கு ஏற்ப வளைத்தார்கள். உங்கள் மூலக்கூறிலும் இதே உத்தி செல்லும்: ஹோமோவை (எலெக்ட்ரான் நிரம்பிய மேல் மட்டத்தை) உயர்த்தித் துளையை எளிதாக ஏற்க டிரைஅரைல்அமீன், கார்பசோல், லூமோவைத் தாழ்த்தி எலெக்ட்ரானை ஏற்க ஆக்சாடயசோல், டிரையசின், பென்சோதயாடயசோல். ஆனால் இரண்டையும் ஒரே சங்கிலியில் நெருக்கமாக வைத்தால் பட்டை இடைவெளி சுருங்கி நிறம் சிவப்பை நோக்கி நகரும். நீலம் வேண்டுமானால் இடையில் இணையமைப்பைத் துண்டிக்கும் ஓர் இணைப்பு தேவை.

மட்டங்களைச் சுழல் மின்னழுத்த அளவீட்டில் (சைக்ளிக் வோல்டாமெட்ரி) ஃபெரோசீனை உடன் வைத்து அளங்கள். ஃபெரோசீனின் மட்டத்தைச் சிலர் 4.8 என்றும் சிலர் 5.1 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கட்டுரைகளின் எண்களை அருகருகே வைக்கும் முன் இதைச் சரிபாருங்கள், 0.3 எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசம் இங்கே சின்னது அல்ல.

ஒரு வரம்பையும் மனதில் வையுங்கள். பல பாலிமர்களில் எலெக்ட்ரான் ஓட்டத்தைத் தடுக்கும் பொறி (எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் மட்டம்), வெற்றிட மட்டத்திலிருந்து சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருப்பதாக 2012-இல் பால் ப்ளோம் குழு காட்டியது. நீரும் ஆக்சிஜனும் அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. நீல ஒளி தரும் பாலிமர்களின் லூமோ இதைவிட மிக மேலே இருப்பதால், அவற்றில் எலெக்ட்ரான் ஓட்டம் துளை ஓட்டத்தைவிட எப்போதும் பின்தங்குகிறது.

படி 4: தொகுப்பும் தூய்மையும்

என் பார்வையில், புதியவர் தன் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்க வேண்டும். சிறு மூலக்கூறாக இருந்தால் வெற்றிடத்தில் வெப்பநிலைச் சரிவோடு பதங்கமாக்கி, இரண்டு மூன்று முறை சுத்திகரிக்கலாம். பாலிமரைப் பதங்கமாக்க முடியாது. சங்கிலிக்குள் ஒரு குறை புகுந்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்; எந்த நிறப்பிரிகைப் பத்தியிலும் பிரிக்க முடியாது. ஆகவே தூய்மை மோனோமரிலேயே தொடங்க வேண்டும்.

பாலிஃப்ளூரீனை எடுத்துக்கொள்வோம். நீல ஒளிக்கு அருமையான பாலிமர். 425 நானோமீட்டர் பக்கம் ஒளிரும். ஆனால் டையோடை ஓட்டினால் சிறிது நேரத்தில் 530 நானோமீட்டர் அருகே அகலமான ஒரு பச்சைப் பட்டை எழுந்து, நீலம் வெளிறிப்போகும். சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். பிறகு முக்கியக் குற்றவாளி வேறு என்று தெரிந்தது: ஃப்ளூரீனின் ஒன்பதாம் கார்பன் ஆக்சிஜனேற்றமாகிக் கீட்டோனாக மாறுகிறது. இந்த ஃப்ளூரனோன் மிகச் சொற்ப அளவில் இருந்தாலும் போதும். சங்கிலி நெடுக ஓடிவரும் எக்சிட்டான்கள் ஆற்றல் குறைந்த அந்த இடத்தில் போய் மாட்டிக்கொள்கின்றன. ஃப்ளூரனோன் எலெக்ட்ரானையும் பிடித்து வைக்கும் என்பதால், படலத்தை ஒளியூட்டிப் பார்க்கும்போது தெரிவதைவிட டையோடில் பச்சை இன்னும் வலுவாகத் தெரியும்.

இந்தக் கீட்டோன் எங்கிருந்து வருகிறது? டைபுரோமோஃப்ளூரீனில் இரண்டு ஆக்டைல் சங்கிலிகளைச் சேர்க்கும்போது, சில மூலக்கூறுகளில் ஒன்றுதான் சேர்ந்திருக்கும். ஒன்பதாம் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் மிச்சமிருக்கும். அந்த ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படும்; அங்கேதான் ஆக்சிஜன் நுழைகிறது. எனவே மோனோமரின் புரோட்டான் என்எம்ஆரில் 3.9 பிபிஎம் பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இரட்டைப் பதிலீடு முழுமையானால் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. சின்ன மேடு தெரிந்தாலும் பாலிமராக்கத்துக்குப் போகாதீர்கள். மறுபடிகமாக்கல் போதவில்லை என்றால், டெட்ராஹைட்ரோஃபியூரானில் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடோடு கலக்கி அலுமினா வழியே வடியுங்கள். ஒற்றைச் சங்கிலி மாசு காரத்தோடு வினைபுரிந்து அலுமினாவிலேயே தங்கிவிடும். பாலிமர் கிடைத்த பிறகு ஒரு சோதனை: படலத்தைக் காற்றில் சூடாக்கி, சூட்டுக்கு முன்னும் பின்னும் ஒளிர்வு நிறமாலையையும், அகச்சிவப்பு நிறமாலையில் 1720 செமீ⁻¹ அருகேயுள்ள கார்பனைல் பட்டையையும் ஒப்பிடுங்கள். பச்சையும் கார்பனைலும் சேர்ந்தே வளர்ந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். ஆல்கைலுக்குப் பதில் அரைல் தொகுதியையோ ஸ்பைரோ அமைப்பையோ ஒன்பதாம் இடத்தில் வைத்தால் இந்தச் சிதைவு வெகுவாகக் குறையும்.

அடுத்தது சங்கிலியின் நீளம். சுசுகி வினையில் டைபுரோமைடும் டைபோரானிக் எஸ்டரும் சரிக்குச் சரி இருக்க வேண்டும். கேரதர்ஸ் சமன்பாட்டின்படி, ஒன்று மற்றொன்றுக்கு 0.98 பங்கு இருந்தால் வினை முழுமையானாலும் சராசரி நீளம் 99 அலகுதான், 0.95 ஆனால் 39. போரானிக் எஸ்டரை எடை போடும் முன் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தையும் சேர்த்து எடை போட்டால் விகிதம் குலைந்துவிடும்.

முனைகளை மறக்காதீர்கள். வினை முடியும்போது சங்கிலி முனைகளில் புரோமினும் போரானும் மிச்சமிருக்கும். முதலில் ஃபினைல்போரானிக் அமிலம், சில மணி நேரம் கழித்து புரோமோபென்சீன் சேர்த்து இரு முனைகளையும் மூடுங்கள். பிறகு பலேடியம். அது நுண்துகளாகப் பாலிமருக்குள் ஒளிந்துகொண்டு ஒளிர்வை அணைக்கும். சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் கரைசலோடு சூடாக்கிக் கலக்கினால் பலேடியம் பெரும்பாலும் பாலிமரை விட்டுப் பிரிந்துவிடும். அதன்பின் கரைசலைக் குளிர்ந்த மெத்தனாலில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நீளமான சங்கிலி இழைஇழையாக நூல் போல வரும். குட்டையான சங்கிலி தூளாகக் கலங்கும். சங்கிலி நீளத்தை அளக்கும் ஜிபிசி முடிவு வரும் முன்பே வினை எப்படிப் போயிருக்கிறது என்று இதைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். கடைசியாக சாக்ஸ்லெட் பிரித்தெடுப்புக் கருவியில் மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என்று வரிசையாக ஓட்டிக் குட்டைச் சங்கிலிகளை நீக்கி, மீதியைக் குளோரோஃபார்மில் எடுங்கள்.

படி 5: டிரிப்லெட்டை வீணாக்காதீர்கள்

நான்கில் மூன்று பங்கு எக்சிட்டான் வீணாவதைத் தடுக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதல் வழி கன உலோகம். 1998-இல் ஸ்டீஃபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழு பிளாட்டினம் போர்ஃபிரினையும், அடுத்த ஆண்டு இரிடியம் ஃபினைல்பிரிடினையும் கொண்டுவந்தது. இரிடியம் சுழலையும் சுற்றுப்பாதையையும் வலுவாகப் பிணைப்பதால் டிரிப்லெட்டே ஓரிரு மைக்ரோவினாடியில் ஒளியாகிவிடும். நிறத்தை லிகண்டில் மாற்றலாம்: ஃபினைலில் ஃப்ளூரின் வைத்தால் ஹோமோ தாழ்ந்து நீலம், பிரிடினை ஐசோகுயினோலினாக விரித்தால் லூமோ தாழ்ந்து சிவப்பு. ஆனால் அந்த ஃப்ளூரினே ஓட்டத்தின்போது கழன்று டையோடின் ஆயுளைக் குறைக்கிறது. நீலத்துக்கு ஃப்ளூரின் இல்லாத கார்பீன் லிகண்டுகளைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி மாட்டுவது ஹோஸ்ட் (ஒளிரும் மூலக்கூறைக் கலந்து வைக்கும் பொருள்) தேர்வில். ஒளிரும் மூலக்கூறைவிட ஹோஸ்டின் டிரிப்லெட் ஆற்றல் உயரமாக இருக்க வேண்டும். பாலிஃப்ளூரீனின் சிங்லெட் நீலத்தில் இருந்தாலும் அதன் டிரிப்லெட் சுமார் 2.1 எலெக்ட்ரான் வோல்ட்தான். பச்சை இரிடியத்துக்கு 2.4 தேவை. ஆக, பச்சை இரிடியத்தைப் பாலிஃப்ளூரீனில் கலந்தால் எக்சிட்டான் பாலிமருக்கே திரும்பி ஓடி அணைந்துவிடும். சிவப்புக்கு மட்டும் சரிவரும்.

இரண்டாம் வழி உலோகமே இல்லாதது. 2012-இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழு டைசயனோபென்சீனைச் சுற்றி நான்கு கார்பசோல்களைப் பொருத்திய மூலக்கூறில் சுமார் 19 சதவீத வெளிக் குவாண்டம் திறனைக் காட்டியது. கொடையாளி ஒரு பக்கமும் ஏற்பி இன்னொரு பக்கமும் முறுக்கி நிற்பதால் ஹோமோவும் லூமோவும் அதிகம் மேற்படிவதில்லை. சிங்லெட்டுக்கும் டிரிப்லெட்டுக்கும் உள்ள இடைவெளி 0.1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே சுருங்குகிறது. அறை வெப்பமே டிரிப்லெட்டை மேலே ஏற்றிவிடுகிறது. இதை டிஏடிஎஃப் (வெப்பத்தால் தூண்டப்பட்டுத் தாமதமாக வரும் ஒளிர்வு) என்பார்கள். மேற்படிவை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஒளிர்வே பலவீனமாகும் என்பதுதான் இதன் இழுபறி. நிறப்பட்டையும் அகலமாகிவிடும். இதற்கு 2016-இல் டகுஜி ஹடகேயாமா அருமையான விடை கண்டார்: ஒரே தட்டையான வளைய அமைப்பில் எதிரெதிர் உடனிசைவு விளைவு தரும் போரானையும் நைட்ரஜனையும் அமர்த்தி, அடுத்தடுத்த அணுக்களிலேயே ஹோமோவையும் லூமோவையும் பிரித்தார். சட்டகம் விறைப்பாக இருப்பதால் பட்டை அகலம் 28 நானோமீட்டருக்குச் சுருங்கியது. இதைவிட நேர்த்தியான மூலக்கூறு வடிவமைப்பு இந்தத் துறையில் குறைவு என்றே நினைக்கிறேன்.

படி 6: படலத்தை நிலைநிறுத்துங்கள்

சிறு மூலக்கூறுகள் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டினால் படிகமாகத் தொடங்கும். டிபிடி என்ற பழைய துளைக் கடத்திக்கு அது 60 பாகைப் பக்கம். ஒவ்வொரு நைட்ரஜனிலும் உள்ள டொலைல் வளையத்தை நாஃப்தைலாக மாற்றிய என்பிபிக்கு 95 பாகைப் பக்கம். இரண்டு வளையம் கூடியதற்கே இவ்வளவு லாபம். பாலிமரில் வேறு சிக்கல்: மேல் அடுக்கின் கரைப்பான் கீழ் அடுக்கைக் கரைத்துவிடும். கீழ் அடுக்கில் ஆக்சிடேன் அல்லது வினைல் தொகுதியை வைத்துக் குறுக்கிணைக்கலாம். அல்லது மேல் அடுக்கை ஆல்கஹாலில் கரையும் அயனிப் பக்கச் சங்கிலிப் பாலிமராக அமைக்கலாம். குறுக்கிணைப்பைத் தூண்டப் போடும் பொருளின் மிச்சமும் ஒளியை அணைக்கும் என்பதால், வெப்பத்தாலேயே இணையும் தொகுதி எனக்கு உகந்ததாகப் படுகிறது.

படி 7: ஆயுளை அளங்கள்

450 நானோமீட்டர் நீல ஒளித்துகளின் ஆற்றல் 2.76 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு முறிய ஏறக்குறைய 3 எலெக்ட்ரான் வோல்ட் போதும். இரண்டு எக்சிட்டான்கள் மோதி ஆற்றலை ஒன்றிடம் குவித்தால் அது 5-ஐத் தாண்டிவிடும், பிணைப்பு தாங்காது. நீலத்தின் ஆயுள் குறைவாக இருப்பதற்கு இதுதான் வேர்க் காரணம். எக்சிட்டான் நெடுநேரம் காத்திருக்காமல் சீக்கிரம் ஒளியாகும்படி வடிவமையுங்கள். வலுவற்ற பிணைப்புகளைத் தவிருங்கள். பலவீனமான இடங்களில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்துப் பாருங்கள். கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பு மெதுவாகவே முறியும். நிறமோ மட்டமோ கிட்டத்தட்ட மாறாது.

உறையிடாத டையோடில் ஆயுள் அளப்பது வீண். அங்கே நீங்கள் அளப்பது கால்சியம் கெட்டுப்போகும் வேகத்தை. நல்ல உறை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவு நீரைத்தான் உள்ளே விட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. அளவீட்டைப் பதிவு செய்யும்போது உச்சத் திறனை மட்டும் எழுதாதீர்கள். சதுர மீட்டருக்கு 1000 கேண்டெலா பிரகாசத்தில் உள்ள திறனையும் எழுதுங்கள். அதிகப் பிரகாசத்தில் வேகமாக ஓட்டி எடுத்த ஆயுளைக் குறைந்த பிரகாசத்துக்குக் கணக்கிட்டால், எந்த அடுக்குக்குறியைப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பிடுங்கள். வழக்கமாக அது 1.5-க்கும் 2-க்கும் இடையே இருக்கும். அதே தொகுதியில் செய்து, அதே உறையிட்ட ஒப்பீட்டு டையோடின் ஆயுளையும் பக்கத்தில் எழுதுங்கள்.